பச்சை நூலும் நீல நூலும்

மார்ச் 3

ஏம்மா,

இதை எழுதுவது கீழ்க்கடைத் தையற்காரர். மெஷினை நிறுத்திவிட்டு எழுதுகிறார். சுருக்கமாகச் சொல்லுங்கள் என்கிறார். எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது என்று உனக்குத் தெரியும், அவருக்கு இன்றுதான் தெரியப்போகிறது. போனில் பேசலாமே என்று மகள் சொன்னாள். போனில் எனக்குக் கேட்பதே பாதி, அதில் நீ பேசுவது கால்வாசி. கடிதம் என்றால் அவரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லலாம்.

நீ போனது பிப்ரவரி ஒன்று. காலை ஏழு இருபது பஸ். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னல் பக்கம். ஒரு மாதம் என்றாய். இன்றோடு முப்பது நாள். இன்னும் ஒரு மாதம் இருக்கப் போகிறாய் என்று மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நீ சொல்லவில்லை.

தையற்காரர் கேட்டார், "அப்படி என்னதான் வேலை அங்க? இந்த வயசுல கூப்பிட்டு உக்கார வைக்கிற மாதிரி?" சொன்னேன். தண்ணீரில் எத்தனை கிருமி உயிரோடு இருக்கிறது என்று எண்ணுகிற வேலை. "கிருமியை எப்படிங்க எண்றது, கண்ணுக்கே தெரியாதே?" என்றார். அதற்குத்தான் தண்ணீர் சேர்த்துச் சேர்த்துக் கலைப்பது என்றேன். ஒன்பது பங்கு சுத்தத் தண்ணீர் உள்ள கண்ணாடிக் குழாயில் ஒரு பங்கு அழுக்குத் தண்ணீர். அது பத்தில் ஒன்று. அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து அடுத்த குழாயில். அது நூறில் ஒன்று. அப்படியே ஆயிரம், பத்தாயிரம். ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் தட்டில் விட்டு, மேலே கிருமிக்குத் தீனியான அகர் கூழை ஊற்றிச் சுழற்றி, இறுகியதும் கவிழ்த்து, சூட்டு அலமாரியில் இரண்டு நாள் வைத்தால், உயிரோடு இருந்த ஒவ்வொன்றும் பெருகிப் பெருகி ஒரு புள்ளியாக நிற்கும். செத்தது நிற்காது. முதல் தட்டில் மாவு கொட்டின மாதிரி அப்பிக்கிடக்கும், எண்ண முடியாது. எண்ணுகிற அளவுக்குக் கலைந்த தட்டை எடுத்து எண்ணி, கலைத்ததைத் திரும்பப் பெருக்கிக்கொள்ள வேண்டியது.

அவர் வாயைப் பிளந்துவிட்டார். "உங்க வீட்டம்மா அதை எண்ணுவாங்களா?" என்றார். முப்பதிலிருந்து முந்நூறு வரை அவள் எண்ணினால் ஒன்று கூடாது ஒன்று குறையாது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் தோன்றியது. அந்தக் கண் இப்போது யாருக்கு எண்ணுகிறது?

உன் சார், அந்த வெள்ளைக்கோட்டு, எப்படி இருக்கிறார்? இன்னும் உன்னைக் 'கழுகுக்கண்' என்றுதான் கூப்பிடுகிறாரா?

அடியில் இருப்பது என் கட்டைவிரல் ரேகை.

&nbsp;

மார்ச் 8

என்னங்க,

கடிதம் கிடைத்தது. தையற்காரர் அண்ணனுக்கு வணக்கம். அவர் கையெழுத்து அச்சுப் போல இருக்கிறது. பேச்சு மட்டும் நீங்கள்தான்.

நான் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். காலை ஒன்பதுக்குப் போய் நான்குக்குத் திரும்புகிறேன். சாருடைய பரிசோதனைக்கூடம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. வழக்கமாக எண்ணுகிற பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். சாருக்கு வலது கை நடுங்குகிறது, எண்ணும்போது பென்சில் முனை ஒரே புள்ளியில் இரண்டு தடவை படுகிறது. அதனால்தான் கூப்பிட்டார். உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "போயேன், எனக்கென்ன" என்று சொன்னது நீங்கள். அதைச் சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். அதையும் நான் கவனித்தேன்.

ஒரு உதவி வேண்டும். இங்கே குழாய்களில் ஒட்டும் காகிதம் ஒட்டுகிறார்கள். கிருமி நீக்குகிற பெரிய குக்கரில் ஆவி ஏறியதும் பாதி உரிந்து விழுகிறது. எது பத்து, எது நூறு என்று தெரியாமல் நேற்று ஒரு வரிசை முழுவதையும் கொட்டினோம். அந்தக் காலத்தில் நீங்கள் குழாயில் கட்டிய நூலைச் சாருக்கு ஞாபகப்படுத்தினேன். அலமாரியின் மேல்தட்டில், சோப்புப் பெட்டிக்குள் இருக்கும் நான்கு நூல்கண்டுகளையும் அனுப்புங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட மறக்காதீர்கள்.

&nbsp;

மார்ச் 12

ஏம்மா,

நூல் அனுப்ப முடியாது.

சிவப்பு பத்து, மஞ்சள் நூறு, பச்சை ஆயிரம், நீலம் பத்தாயிரம். இது நான் உண்டாக்கினது. நம் பழைய தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடி கழுவினவன் நான். எனக்கு எழுதத் தெரியாது, மெழுகுப் பென்சிலில் எழுதினதைப் படிக்கவும் தெரியாது, அதனால் குழாயின் கழுத்தில் நூல் கட்டினேன். முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது உன் வெள்ளைக்கோட்டு. "என்னய்யா, குழாய்க்கெல்லாம் நேர்ந்துவிட்டிருக்கியா?" என்றார். நீ அப்போது தலையைக் குனிந்துகொண்டு எண்ணிக்கொண்டிருந்தாய். உன் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரித்தாயா, எண்ணினாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு மாதம் கழித்து எழுத்தெல்லாம் ஆவியில் அழிந்துபோக, நூல் மட்டும் நின்றது. அதற்குப் பிறகு அவரும் என் நூலைப் பார்த்துத்தான் தட்டின் முதுகில் எழுதினார். சிரித்ததற்கு ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவர் மேசைக்கு வரும்போதெல்லாம் நீ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுவாய். ஜூலை ஒன்பதாம் தேதி மழையில் அவர் குடையில் பஸ் நிறுத்தம் வரை போனாய். கறுப்புக் குடை, ஒரு கம்பி வளைந்தது. நான் பின்னால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆகஸ்டில் உன் பிறந்தநாளுக்கு நீல மை பேனா கொடுத்தார். அந்தப் பேனாவை நீ ஏழு வருஷம் வைத்திருந்தாய். மகள் பிறந்து அவள் கடித்து உடைக்கிற வரை. உடைத்த அன்று நான் அவளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு வாங்கினேன் என்று நீ கேட்கவில்லை.

முப்பத்தொன்பது வருஷம் ஆகிறது. இரண்டு அறையை எடுத்து, ஊரில் யாரும் இல்லாத மாதிரி உன்னைக் கூப்பிடுகிறார். கை நடுங்குகிறதாம். நடுங்காத கை எத்தனை இருக்கிறது அந்த ஊரில்! போய்த் தேடச் சொல்.

தையற்காரர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "அண்ணே, நூலைத்தானே கேட்டாங்க" என்கிறார். அவருக்கு நூல் வெறும் நூல்.

டீ குடிக்கும்போது அவர் இன்னும் தட்டில் ஊற்றி ஊதித்தான் குடிக்கிறாரா? நீ பக்கத்தில் உட்காருகிறாயா, எதிரில் உட்காருகிறாயா? பதில் எழுது.

&nbsp;

மார்ச் 17

என்னங்க,

எதிரில். நடுவே நாற்பது தட்டு.

நூல் வேண்டாம். மகளிடம் சொல்லி இங்கேயே வாங்கிக்கொள்கிறேன். கடையில் நீலமும் பச்சையும் கிடைக்கும், உங்கள் கோபம் மட்டும் கிடைக்காது.

வேறு ஒன்று கேட்க வேண்டும். யாரிடமும் கேட்க முடியாமல் உங்களிடம் கேட்கிறேன். ஒரு பெண்கள் விடுதியிலிருந்து தண்ணீர் வந்தது. அங்கே அறுபது பேர் தங்கியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வாரமாக ஒருவர் மாற்றி ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. விடுதிக் காவலாளியே தொட்டியிலிருந்து பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கலைத்து, ஊற்றி, இரண்டு நாள் வைத்து எடுத்தேன். கலைக்காத தண்ணீர் ஊற்றிய தட்டில் மூன்று புள்ளி. பத்தில் ஒன்றாகக் கலைத்த தட்டில் ஐம்பத்தெட்டு.

தண்ணீர் சேர்த்தால் புள்ளி குறைய வேண்டும். இங்கே கூடியிருக்கிறது. மூன்று தடவை எண்ணினேன். மூன்றும் ஐம்பத்தெட்டு. சாரிடம் காட்டினேன். "தட்டு இடம் மாறிப்போச்சோ என்னவோ. இல்லைன்னா உங்க கண்ணுக்கும் வயசாயிடுச்சும்மா" என்றார். கலைக்காத தட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், தண்ணீர் நல்லது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார். விடுதிக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

தட்டு இடம் மாறினது போல இருந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் உங்கள் ஞாபகம்தான் வந்தது. இப்படி நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

&nbsp;

மார்ச் 20

ஏம்மா,

தட்டு இடம் மாறினதைப் பார்த்ததும் என் ஞாபகம் ஏன் வர வேண்டும்?

தையற்காரர் அந்த வரியைப் படித்ததும் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். அப்புறம் இன்னொரு முறை. மூன்றாவது முறை அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நீயும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து நாற்பது தட்டைத்தான் பார்க்கிறீர்களா, பழைய கதையையும் கிளறிக்கொண்டிருக்கிறீர்களா? மனதில் ஏதாவது இருந்தால் நேராகக் கேள். விடுதி, தொட்டி, காவலாளி என்று சுற்றி வளைக்காதே.

நீ கேட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு என்று கேட்ட உடனேயே தெரிந்துவிட்டது. கண்ணாடி கழுவினவனுக்குத் தெரிகிறது, படித்தவருக்குத் தெரியவில்லை. உன் கண்ணுக்கு வயதாகிவிட்டது என்றாரா? அவர் சொல்லி நீ கேட்டுக்கொண்டாயா? என் எதிரில் உன்னை அப்படி ஒருத்தர் சொல்லியிருந்தால் அந்தத் தட்டு அவர் தலையில் இருந்திருக்கும்.

ஆனால் சொல்ல மாட்டேன். வெள்ளைக்கோட்டே கண்டுபிடிக்கட்டும். அவ்வளவு பெரிய பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறவர் அல்லவா!

இதை எழுத மாட்டேன் என்று தையற்காரர் சொன்னார். எழுதினால்தான் என் பழைய வேட்டியைத் தைக்கக் கொடுப்பேன் என்று மிரட்டி எழுத வைத்திருக்கிறேன்.

&nbsp;

மார்ச் 23

என்னங்க,

அறுபது பேர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். நேற்று அதில் ஒருத்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நம் மகளைவிட மூன்று வயது சின்னவள்.

உங்கள் வீம்பையும் சேர்த்து அவர்கள் குடிக்க வேண்டுமா?

&nbsp;

மார்ச் 25

ஏம்மா,

உன் கடிதம் வந்த அரை மணி நேரத்தில் இதைச் சொல்கிறேன். தையற்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு எழுதுகிறார். விரைவு அஞ்சலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் தண்ணீர். அந்தக் காவலாளி பாட்டிலில் பிடிப்பதற்கு முன்னால் தொட்டியில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருக்கிறான். சோதனையில் நல்ல பெயர் வர வேண்டுமென்று எல்லாரும் செய்வதுதான். பவுடரின் காரம் பாட்டிலுக்குள்ளும் வேலை செய்துகொண்டே இருக்கும், தட்டுக்குள்ளும் செய்யும். கலைக்காத தண்ணீரில் காரம் முழுசாக இருந்ததால் கிருமி எழுந்திருக்கவில்லை. பத்தில் ஒன்றாகக் கலைத்ததும் காரமும் பத்தில் ஒன்றாகிவிட்டது. அடங்கிக் கிடந்ததெல்லாம் தலை தூக்கிவிட்டது. அந்த ஐம்பத்தெட்டுதான் நிஜம். அதுவும் செத்தது போக மிச்சம். உண்மையில் இன்னும் அதிகம்.

நம் கூடத்தில் ஏன் அப்படி வரவில்லை தெரியுமா? பாட்டிலைக் கழுவிக் குக்கரில் வைப்பதற்கு முன்னால், ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை ஹைப்போ உப்பு போடுவேன். போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவ வைத்திருப்பார்களே, கற்கண்டு போல இருக்கும், அது. அது பவுடரின் காரத்தை அந்த நிமிஷமே முறித்துவிடும். நம் கூடத்துப் பெரிய அதிகாரிதான் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். இருபத்தேழு வருஷம் ஒரு பாட்டில் விடாமல் போட்டேன். யார் கண்ணிலும் அது பட்டிருக்காது, உப்பு கரைந்துவிடும். வெள்ளைக்கோட்டுக்குக் கழுவின பாட்டில் கையில் வந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பாட்டிலில் ஹைப்போ போட்டு, காவலாளியை நம்பாமல் நீங்களே போய்த் தண்ணீர் பிடியுங்கள். அதுவரை கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல். இன்றே சொல்.

இனி நீ சுற்றி வளைத்துக் கேட்டதற்கு வருகிறேன். தையற்காரரை முதலில் சத்தியம் செய்ய வைத்தேன், வெளியே சொல்வதில்லை என்று. "நான் என்னத்தச் சொல்லப்போறேன், ஊர்ல எல்லார் அளவும் எனக்குத் தெரியும், யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?" என்றார். சரி.

அக்டோபர் பதினாலு, வியாழக்கிழமை. ஆஸ்பத்திரிக் கிணற்றுத் தண்ணீர். வெள்ளைக்கோட்டு நான்கு குழாயிலும் கலைத்து முடித்துவிட்டு, தட்டில் ஊற்றுவதற்கு முன்னால் கை கழுவப் போனார். அவர் கழற்றி மாட்டியிருந்த மேலங்கியின் பையில் ஒரு கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. உறையின் மேல் நீல மை. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் உன் பெயரின் முதல் எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஓர் எழுத்தை மட்டும் உன் சாப்பாட்டுப் பையில் பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். அது அந்த உறையில் இருந்தது.

என் கை எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. மூன்றாவது குழாயின் பச்சை நூலை அவிழ்த்து நான்காவதில் கட்டினேன். நான்காவதன் நீலத்தை மூன்றாவதில். பத்து மடங்கு தப்பாக எழுதுவார், ஆஸ்பத்திரிக் கிணறு என்பதால் பெரிய அதிகாரி கூப்பிட்டுக் கேட்பார், உன் முன்னால் தலை குனிவார். அவ்வளவுதான் நினைத்தேன். ஒரு நிமிஷ வேலை.

சனிக்கிழமை தட்டை எடுத்தீர்கள். வழக்கமாக எண்ணி முடித்ததும் நீ எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பதிவேட்டில் எழுதுவாய். நான் கழுவும் தொட்டியில் நின்றபடி மனதில் வாங்கிக்கொள்வேன். அன்று நீ சொல்லவில்லை. சத்தமே இல்லாமல் எழுதினாய். பதினொன்றரை மணிக்குப் பெரிய அதிகாரி அவரை அறைக்குக் கூப்பிட்டார். வெளியே வரும்போது அவர் முகம் சிவந்திருந்தது. நவம்பர் ஐந்தாம் தேதி மாற்றலில் போய்விட்டார். நீ பதினொரு நாள் என்னிடம் பேசவில்லை. அக்டோபர் பதினாறிலிருந்து இருபத்தாறு வரை. அவருக்காகத் துக்கம் காக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாளிலிருந்து நான் நூல் கட்டின ஒரு குழாய் ஸ்டாண்டையும் உன்னிடம் காட்டாமல் வெளியே விட்டதில்லை. "சரியா இருக்கா பாருங்க" என்று உன் மேசையில் கொண்டுவந்து வைப்பேனே. உன் பக்கத்தில் வருவதற்குச் சாக்கு என்று நீ நினைத்திருப்பாய். அதுவும்தான். ஆனால் என் கையை நானே நம்பவில்லை.

பிப்ரவரியில் நமக்குக் கல்யாணம். அவரை நான் துரத்தாமல் இருந்திருந்தால் நீ அவரிடம் போயிருப்பாய். முப்பத்தொன்பது வருஷமாக அடுத்தவன் பொருளை வீட்டில் வைத்திருக்கிறவன் மாதிரி இருந்திருக்கிறேன். வாசலில் யார் வந்தாலும் கேட்டு வாங்கிப் போக வந்த மாதிரி திடுக்கிட்டிருக்கிறேன். இப்போது அவரே கூப்பிட்டார். நீயும் போனாய்.

நீ அவரிடம் சொல்வதானால் சொல்லிவிடு.

&nbsp;

மார்ச் 31

என்னங்க,

தையற்காரர் அண்ணே, கடையைச் சாத்திவிட்டுப் படியுங்கள். மெதுவாகப் படியுங்கள். அவர் நடுவில் எழுந்து போனால் வேட்டியைப் பிடித்து உட்கார வையுங்கள்.

முதலில் தண்ணீர். நானே விடுதிக்குப் போனேன். தொட்டியின் மூடியைத் தூக்கியதும் பவுடர் நெடி கண்ணில் அடித்தது. காவலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹைப்போ போட்ட பாட்டிலில் பிடித்தேன். கலைக்காத தட்டில் எண்ணவே முடியவில்லை. பத்தில் ஒன்றில் இருநூற்று முப்பத்தொன்று. நூறில் ஒன்றில் இருபத்து நான்கு. எப்படி இறங்க வேண்டுமோ அப்படி இறங்கியது. சார் தட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, "உங்க கண்ணைச் சொன்னது தப்பும்மா" என்றார். விடுதித் தொட்டியை மூடி, வெளித் தண்ணீர் வரவழைத்திருக்கிறார்கள். அடியில் கழிவுக் குழாய் ஒன்று கசிந்து தொட்டிக்குள் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த பெண் நேற்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

இது யார் சொன்னது என்று சார் கேட்டார். நீங்கள்தான் என்றேன். "அந்த நூல்காரரா? அவர் கழுவின கண்ணாடி மாதிரி அதுக்கப்புறம் எங்கயும் நான் பார்க்கலையே" என்றார். நான் கூட்டிச் சொல்லவில்லை. இப்படியேதான் சொன்னார்.

இனி மற்றது. நான் எதையும் சுற்றி வளைத்துக் கேட்கவில்லை. தட்டு நிஜமாகவே தலைகீழாக இருந்தது, அதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. நீங்களாகக் குழம்பி, நீங்களாக அவிழ்த்துக் கொட்டிவிட்டீர்கள். கொட்டியதால் நானும் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பச்சைத் தட்டில் இருபத்திரண்டு புள்ளி, நீலத் தட்டில் இருநூற்றுப் பதினான்கு. எண்ணுகிறவளுக்கு இதைவிடப் பெரிய எழுத்தில் யாரும் எழுதிக் காட்ட முடியாது. பத்தாயிரத்தில் ஒன்றாகக் கலைத்த தட்டில், ஆயிரத்தில் ஒன்றைவிடப் பத்து மடங்கு அதிகம் எப்படி இருக்கும்? நூல் மாறியிருக்கிறது. நூலை ஒருவர்தான் தொடுவார். அவர் கை தவறிக் கட்டுகிறவர் இல்லை. வேண்டுமென்று செய்திருக்கிறீர்கள் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இரண்டையும் மாற்றிச் சரியாக எழுதினேன். சத்தமாகச் சொல்லியிருந்தால் சார் திரும்பித் தட்டைப் பார்த்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன கணக்கு சரியான கணக்கு. உங்கள் ஒரு நிமிஷ வேலையால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்த உறையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை கொடுத்தார். அன்றே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பெரிய அதிகாரியின் அறையில் அவர் மாற்றல் கேட்டார். முகம் சிவந்தது அதற்கு. அவரைத் துரத்தியது நீங்கள் இல்லை. நான்.

ஏன் மாட்டேன் என்றேன்? அவருக்கு என் கண் வேண்டியிருந்தது. கழுகுக்கண் என்பார். எண்ணி முடித்ததும் அடுத்த தட்டை நீட்டுவார். எண்ணி முடித்ததும், "வலிக்குதா, கொஞ்சம் மூடிட்டு இருங்க" என்று ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தது ஒரே ஓர் ஆள். அந்த ஆள்தான் நூலை மாற்றிக் கட்டியிருக்கிறார் என்று தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும் எனக்கு? பதினொரு நாள் நான் துக்கம் காக்கவில்லை. உங்களை அடிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரித் தண்ணீரில் கை வைக்கிறவரோடு எப்படி வாழ்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் ஸ்டாண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, சரி பாருங்க என்றீர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்தேழு வருஷம் தினமும் கேட்டீர்கள். அதற்கு மேல் நான் என்ன பேச?

நீங்கள் தினமும் துடைத்த மேசையில்தான் அந்தப் பதிவேடு கிடந்தது. என் கையெழுத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் யாராயிருந்தாலும் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற ஆளுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு.

பேனாவை ஏழு வருஷம் வைத்திருந்தேன், உண்மை. நல்லா எழுதிற்று.

சாரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அந்தப் பெண் குழந்தையோடு திரும்பி வர இன்னும் ஐந்து வாரம் ஆகும். கண்ணாடியை இங்கே சரியாகக் கழுவுவதில்லை, சோப்புப் படலம் நிற்கிறது. கடையில் வாங்கிய நூல் குக்கரில் சாயம் போகிறது. சிவப்பும் மஞ்சளும் ஒரே நிறமாகிவிட்டது. மகள் உங்களுக்காக முன்னறையைக் காலி செய்துவிட்டாள்.

&nbsp;

ஏப்ரல் 4

ஏம்மா,

நடுவில் எழுந்துதான் போனேன். தையற்காரர் வேட்டியைப் பிடிக்கவில்லை, வாசல் வரை கூடவே வந்தார். தெருக்குழாயில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து மிச்சத்தைக் கேட்டேன்.

கண்ணாடியைப் பற்றி வெள்ளைக்கோட்டு சொன்ன இடத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். ஈரத்துணி இடத்தையும். எதை அதிகத் தடவை படித்தார் என்று தையற்காரரைக் கேட்காதே, கேட்டாலும் சொல்ல மாட்டார்.

அந்தப் பதிவேட்டை நான் தினமும் தூக்கித் தூசி தட்டி, அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறேன். கனமான அட்டை, ஓரத்தில் பச்சைத் துணி ஒட்டினது. இருபத்திரண்டு, இருநூற்றுப் பதினான்கு. எனக்குத் தெரியாத எண்ணிக்கை அது ஒன்றுதான். இப்போது தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை ஏழு இருபது பஸ்ஸில் வருகிறேன். தையற்காரர் ஏற்றிவிடுகிறார். நூல்கண்டு நான்கையும் கையோடு கொண்டு வருகிறேன். அவற்றை அஞ்சலில் போட எனக்கு மனம் இல்லை. ஸ்டூடியோக்காரர் கடையை மூடி வருஷக்கணக்காகிறது, ஆனால் அவர் வீட்டில் ஒரு டப்பா ஹைப்போ மிச்சம் இருந்தது. கட்டியாகிவிட்டது, தட்டினால் உடையும். சோப்பு நீங்கள் வாங்க வேண்டாம். எந்தச் சோப்பு என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. பஸ்ஸில் ஏறும்போதும் கூடவே ஏறும். ஆனால் இத்தனை நாள் முதல் தட்டு மாதிரி அப்பிக்கிடந்தது. இப்போது எண்ணுகிற அளவுக்கு வந்திருக்கிறது. குடை ஒன்று. பேனா ஒன்று. கழுகுக்கண் என்று கூப்பிடுவது ஒன்று. அதை மட்டும் என் எதிரில் கூப்பிட வேண்டாம் என்று நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

வந்ததும் முதல் ஸ்டாண்டைக் கட்டி உன் மேசையில் வைப்பேன். சரி பார். அதற்குப் பிறகு அவரிடம் கொடு.